சீரியலில் அரசியல் எங்கே இருக்கிறது?

மாம்பலம்வாசி கேட்டது:

ஒரு வாக்குவாதம், நடுவர்கள் தேவை. கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொல்கிறார், ஒரு காலத்துச் சமூகத்தையும் அரசியலையும் தெரிந்துகொள்ள அந்தக் காலத்து டிவி நாடகத்தைப் பார்த்தாலே போதுமாம், பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாமாம். மற்ற நாட்டுத் தொடர்களுக்கு இது சரியாக இருக்கலாம். நம் ஊர் சீரியலுக்குமா?

எனக்குத் தோன்றுவது நேர் எதிர். ‘கோலங்கள்’ 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது, 1500 எபிசோடுக்கு மேல். அந்த ஆறு வருடத்தில் வெளியே என்னென்ன நடந்தது? சுனாமி, 2004 நாடாளுமன்றத் தேர்தல், 2006 சட்டமன்றத் தேர்தல், 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால். கதாநாயகி அபி வீட்டில் யாராவது ஓட்டுப் போட்டுவிட்டு வந்து விரல் மையைக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. அது மட்டுமல்ல, பொதுவாகவே பாருங்கள், சீரியலில் அமைச்சர் என்று ஒருவர் வந்தால் வெள்ளை வேட்டி இருக்கும், வேட்டியில் கட்சிக் கரை இருக்காது. ரவுடி இருப்பார், எந்தக் கட்சி ரவுடி என்று தெரியாது. குடிகார அண்ணன் தள்ளாடிக்கொண்டு வருவார், எந்தக் கடையில் வாங்கிக் குடித்தார் என்று கேமரா காட்டாது. 2003 நவம்பரில்தான் சில்லறை மதுக்கடைகளை அரசே எடுத்து நடத்த ஆரம்பித்தது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

இப்படி எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்ட இடத்தில் எதை வைத்து ‘காலத்தின் பிரதிபலிப்பு’ என்கிறார்கள்? தூர்தர்ஷன் காலத்து ஆட்கள் யாராவது இருந்தால் அந்தக் கதையையும் சொல்லுங்கள். நான் பிறந்ததே சன் டிவி வந்த வருடம்.

---

பழைய ஆன்டெனா பதில்:

தூர்தர்ஷன் காலத்து ஆள் ஆஜர்.

எங்கள் காலத்தில் அரசியலைத் தேடவே வேண்டாம், அரசாங்கமே நாடகம் போட்டது. 1984 ஜூலையில் ஆரம்பித்த ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடர் ஏதோ ஒரு எழுத்தாளர் தாமாக யோசித்துக் கொண்டுவந்த கதை இல்லை. மெக்ஸிகோவில் குடும்பக் கட்டுப்பாடு, முதியோர் கல்வி எல்லாவற்றையும் தொடர்கதைக்குள் கரைத்துக் கொடுத்து நல்ல பலன் கண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நாமும் அப்படி ஒன்று செய்வோம் என்று இறங்கியது. இதற்கு ஒரு பின்கதை இருப்பதாக நான் நினைக்கிறேன். எமர்ஜென்சியில் ஆட்களைப் பிடித்துப் போய்க் கருத்தடை செய்த கோபம் 1977 தேர்தலில் வட இந்தியாவில் காங்கிரஸைத் துடைத்துப் போட்டது. அதற்குப் பிறகு எந்த அரசும் அந்தப் பேச்சை அதட்டிச் சொல்ல முடியாது, கதையாகச் சொன்னால்தான் உண்டு. அதனால்தான் ‘ஹம் லோக்’.

சரி, பலித்ததா என்றால், அங்கேதான் சுவாரசியம். முதல் பதிமூன்று எபிசோடில் பிரசார நெடி தூக்கலாக இருந்தது, ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் எழுத்தாளர் மனோகர் ஷ்யாம் ஜோஷி பிரசாரத்தைக் குறைத்து, குடிகார அப்பா, வேலை கிடைக்காமல் அலையும் மகன், கல்யாணம் தள்ளிப்போகும் மூத்த பெண், சினிமா ஆசையில் பம்பாய்க்கு ஓடும் இரண்டாவது பெண், டாக்டருக்குப் படிக்க நினைக்கும் சின்னப் பெண் என்று குடும்பத்தை முன்னால் கொண்டுவந்தார், நாடே உட்கார்ந்து பார்த்தது. எபிசோட் முடிந்ததும் இந்தி நடிகர் அசோக் குமார் வந்து இரண்டு வார்த்தை பேசுவார். அந்த வீட்டு அம்மா பாகவந்தி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போகிறவள். பெண்கள் இப்படி இருக்கக் கூடாது என்று காட்டத்தான் அந்தப் பாத்திரத்தையே வைத்தார்கள். பின்னால் ஆராய்ச்சியாளர்கள் பார்வையாளர்களிடம் கேட்டபோது நிறையப் பேர் பாகவந்தியைத்தான் முன்மாதிரியாகச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் விளம்பரம் கொடுத்த மேகி நூடுல்ஸ் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அரசாங்கம் ஒன்றை விதைத்தது, முளைத்தது வேறு.

தமிழுக்கு வருவோம். மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் ஆரம்பம். செவ்வாய்க்கிழமை நாடகம் என்று ஒன்று வரும். ஒரு சோபா, பின்னால் பூப்போட்ட திரை, ஓரமாக ஒரு கறுப்பு டெலிபோன், அவ்வளவுதான் செட். ரிடையர் ஆகப்போகும் அப்பா, பேங்க் பரீட்சை எழுதும் பையன், ஜாதகம் பொருந்தாத பெண், காபி கொண்டுவரும் மாமி. சபா நாடகக்காரர்களைத்தான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள், அதனால் தமிழ்நாடு என்பதே மயிலாப்பூரிலிருந்து நங்கநல்லூர் வரைதான் என்று நினைக்கத் தோன்றும். இதையும் பிரதிபலிப்பு என்றுதான் சொல்ல வேண்டும், எந்தத் தெருவைப் பிரதிபலித்தது என்பதுதான் விஷயம். தென்மாவட்டத்தில் இருந்த எங்களுக்கு அந்தத் தெருவும் ஒழுங்காகத் தெரிந்ததில்லை. கொடைக்கானல் கோபுரம் வருகிறவரை ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி இலங்கை டிவியான ரூபவாஹினிதான் பார்த்தோம். சிங்களம் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் விளம்பரம் எல்லாம் மனப்பாடம்.

---

தேனிக்காரி பதில்:

மாம்பலம்வாசி தேடுகிற இடம் வேறு என்று நினைக்கிறேன். கட்சிக் கொடி, தேர்தல், மை வைத்த விரல், இதையெல்லாம் சீரியலில் தேடினால் கிடைக்காது. வீடு யார் பேரில் இருக்கிறது, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார், கையெழுத்து யார் போடுகிறார்கள், இந்த மூன்றையும் மட்டும் பாருங்கள். காலம் அப்பட்டமாகத் தெரியும்.

‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 ஜனவரி வரை. அப்பா சிதம்பரம், ஐந்து பெண்கள். கதை என்று பார்த்தால் ஒரே வரிதான், ஐந்து பேரையும் கட்டிக்கொடுக்க வேண்டும், கட்டிக்கொடுத்த பிறகு அவர்கள் புகுந்த வீட்டில் நன்றாக இருக்க வேண்டும். அந்த அப்பாவுக்கு வரும் பயம் முழுக்கச் சீர்வரிசை பற்றித்தான். என்ன குறைந்தது, யார் அதைச் சொல்லிக் காட்டினார்கள், மகள் சரோவுக்கு மாமியார் வீட்டில் சாப்பாடு போட்டார்களா. அந்தச் சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோது வெளியே என்ன நடந்தது? புதிதாக அரசு வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்று 2003 ஏப்ரலிலிருந்து மாற்றினார்கள். அதே வருடம் ஜூலையில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கினார்கள், பிறகுதான் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெரும்பாலானவர்கள் திரும்பச் சேர்ந்தார்கள். கவர்மென்ட் மாப்பிள்ளை கிடைத்துவிட்டால் பெண்ணைப் பற்றிக் கவலையில்லை என்று நம்பி வாழ்ந்த ஒரு தலைமுறை அப்பாக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? சீரியலில் அந்த வேலைநிறுத்தம் வரவில்லைதான். ஆனால் ஐந்து பெண்ணைப் பெற்ற அப்பாவின் முகத்தில் ஒரு நடுக்கம் எப்போதும் இருந்ததே, அது தினமும் இரவு வீட்டுக்குள் வந்தது. அதைப் பார்த்து அழுதது பெண்கள் மட்டும் இல்லை. எங்கள் பெரியப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கேட்டால் தூக்கம் என்பார்.

அடுத்து நீங்கள் சொன்ன ‘கோலங்கள்’. அபி என்ன தொழில் செய்தாள்? கட்டுமானம். அவளுக்கு எதிராக நிற்கும் ஆதித்யாவும் அதே தொழில்தான். தையல் மிஷின், ஊறுகாய் கம்பெனி என்றுதானே அதுவரை சினிமாவிலும் கதைகளிலும் பெண்ணை முன்னுக்குக் கொண்டுவருவார்கள். இங்கே ஏன் செங்கலும் சிமெண்டும்? டைடல் பார்க் 2000இல் திறந்தாயிற்று, பழைய மகாபலிபுரம் சாலை நெடுக நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தது, 2005இல் கட்டுமானத் துறையில் வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். சென்னையில் வாடகைக்குக் குடியிருந்த ஒவ்வொரு குடும்பத்திலும் ஃபிளாட், யூடிஎஸ் (மனையில் ஒரு ஃபிளாட்டுக்குச் சேரும் பங்கு), அப்ரூவல், லோன் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. வில்லன் மிராசுதாராக இல்லாமல் பில்டராக வந்தது அந்த வருடங்களில்தான் நடக்க முடியும். பத்து வருடம் முன்னால் எடுத்திருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது.

‘கோலங்கள்’ எடுத்த அதே இயக்குநர் திருச்செல்வம் 2022இல் ‘எதிர்நீச்சல்’ எடுத்தார். மதுரை வீடு, ஆதி குணசேகரன், படித்த மருமகள்கள் எல்லாரும் அடுப்படியில். குணசேகரனாக நடித்த மாரிமுத்து அந்த ‘இந்தாம்மா ஏய்’யைச் சொன்னது ஊரெல்லாம் பரவியது, அவர் 2023 செப்டம்பரில் திடீரென்று இறந்தபோது ஜனங்கள் துக்கப்பட்டதுகூடக் குணசேகரனுக்காகத்தான். ஆனால் அந்தக் கதையை உண்மையில் இழுத்துக்கொண்டு போனது என்ன? அப்பத்தா பேரில் இருக்கும் நாற்பது சதவீதப் பங்கு. மாதக்கணக்கில் அதேதான். யாருக்குப் போகும், யார் கைரேகை வாங்குவார்கள், வக்கீல் என்ன சொல்கிறார். ‘மெட்டி ஒலி’யில் பெண் என்றால் செலவு, இங்கே பெண் பேரில் சொத்து. இருபது வருடத்தில் கதையின் முடிச்சு நகையிலிருந்து பத்திரத்துக்கு மாறியிருக்கிறது.

இது சும்மா மாறவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது, அந்த மார்ச் 25க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் கிடையாது என்று ஒரு வரியோடு. மத்தியச் சட்டம் 2005இல். அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதெல்லாம் பொருட்டில்லை, பிறப்பிலேயே உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஆகஸ்டில். சட்டம் வந்ததற்கும் அது வீட்டுப் பேச்சாக ஆனதற்கும் நடுவே முப்பது வருடம். அந்த முப்பது வருடம் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் எந்த சார்பதிவாளர் அலுவலகத்திலும் முகூர்த்த நாளில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அக்கா தங்கைகளைக் காரில் அழைத்து வருவார்கள், புதுச் சேலை கட்டியிருப்பார்கள், அண்ணன்காரர் எல்லாருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுப்பார். பத்திர எழுத்தர், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை வேகமாக வாசித்துவிட்டு ‘சம்மதம்தானே’ என்பார். கேமரா முன்னால் உட்கார்ந்து ஒரு படம், கட்டைவிரல் ரேகை, முடிந்தது. எங்கள் குடும்பத்தில் நானும் சாட்சிக் கையெழுத்துப் போடப் போயிருக்கிறேன், அதனால் அந்த ஜூஸ் என்ன ருசி என்றும் தெரியும். எதிர்நீச்சலில் அந்தப் பேனாவை நீட்டுகிற காட்சி வரும்போது வீட்டில் ஏன் அப்படி ஒரு அமைதி என்றால் எல்லாருக்கும் அவரவர் பத்திரம் ஞாபகம் வரும்.

இதைவிட என்ன அரசியல் வேண்டும் உங்களுக்கு?

---

சும்மா வந்தேன் பதில்:

மேலே உள்ளதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “குணசேகரன் அப்பத்தாகிட்ட கேட்டா வில்லன், உங்க மாமா என்கிட்ட கேட்டப்ப மட்டும் விட்டுக்கொடுத்துப் போம்மான்னு சொன்னது யாரு” என்றார். இந்த இழையை இத்தோடு மூடினால் எங்கள் வீட்டுக்கு நல்லது.

---

கேபிள் அண்ணன் பதில்:

நான் இருபது வருடம் கேபிள் தொழில் பார்த்தவன், கதை உள்ளே என்ன இருந்தது என்பதைவிட அது எந்த வழியாக வந்தது என்பதுதான் எனக்குத் தெரியும். தேனிக்காரி சொன்னது நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் அழகாகச் சொல்லிவிட்டார்கள். கரை இல்லாத வேட்டிக்கு என் பதில் வேறு.

சன் டிவி பல வருடம் இயங்கியதே அண்ணா அறிவாலயத்தில்தான், ஊருக்கே தெரியும். 2001 ஜூன் 30, கருணாநிதியை நள்ளிரவில் கைது செய்த காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், தமிழ்நாட்டில் அதைப் பார்க்காத வீடு இருந்திருக்காது. அப்போது அதே சேனலில் ‘சித்தி’ ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கட்சிக்கு ஓட்டுப் போடுகிற வீட்டிலும் ராதிகாவைப் பார்க்க அந்த சேனலைத்தான் வைத்தாக வேண்டும். செய்தி வரும்போது திட்டுவார்கள், சீரியல் வரும்போது உட்காருவார்கள். இப்போது சொல்லுங்கள், அந்தச் சீரியலுக்குள் ஒரு கரை வேட்டியைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பாதி வீடு ரிமோட்டை எடுக்கும். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து அழுவதற்கு ஒரு இடம் வேண்டும், அந்த இடத்தில் கட்சி இருக்கக் கூடாது. இது கூச்சமோ பயமோ இல்லை, வியாபாரம்.

அப்புறம் சீரியலுக்கு வெளியே இருந்த அரசியல். 2006 தேர்தலில் இலவச கலர் டிவி வாக்குறுதி, ஜெயித்ததும் அந்த செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று கொடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஐந்து வருடத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல் பெட்டிகள். பதினாலு இன்ச். டிவி வந்துவிட்டது, இணைப்பு வேண்டுமே, எங்கள் ஏரியாவில் அதுவரை நான் ஒயர் இழுக்காத காலனிகளுக்கு எல்லாம் அந்த வருடம்தான் இழுத்தேன். அடுத்த தெரு வீட்டு ஜன்னலில் நின்று பார்த்த பெண்கள் சொந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள், இது சின்ன விஷயம் இல்லை. யார் யார் எந்த வாசலில் நின்று டிவி பார்க்கலாம், யார் உள்ளே வரலாம் என்பதில் இருந்த சாதி எல்லாம் ஒரு பெட்டியில் கொஞ்சம் குறைந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் பெட்டிக்குள்ளே? அங்கே அந்தக் காலனி ஆட்கள் யாரும் கதாநாயகி இல்லை. வீட்டு வேலைக்கு வருகிறவர், டிரைவர், வாட்ச்மேன், அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் சாதி போட மாட்டார்கள், ஆனால் மீசை, அரிவாள், குலதெய்வம், பேச்சு, வீட்டு முற்றம் எல்லாம் சேர்த்து இது யார் வீடு என்று மதுரைப் பக்கத்தில் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். தேனிக்காரி சொன்ன மூன்றோடு நாலாவதாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சொத்துச் சண்டை போட முதலில் சொத்து இருக்க வேண்டும்.

2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது. ஆரம்பத்தில் கட்டணச் சேனல்கள் அதில் இல்லை. எழுபது ரூபாய்தானே என்று ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால், எங்கள் தெருவில் வந்த முதல் கேள்வி “சீரியல் வருமா?” அடுத்த வருடம் மின்வெட்டு. சென்னைக்கு ஒரு கணக்கு, மற்ற ஊருக்கு ஒரு கணக்கு, எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. சுழற்சி மாறுகிற அன்று எனக்கு போன் வரும், “ஒன்பது மணிக்கு இருக்குமா அண்ணே?” என்று. நான் என்ன மின்வாரியமா? பாதி எபிசோட் இந்தத் தெரு பார்க்கும், மீதியை வேறு கரண்ட் லைனில் இருக்கும் தங்கச்சி போனில் சொல்லும். அந்தக் கோபத்தைச் சீரியல் காட்டவே இல்லை, சீரியலில் எப்போதும் எல்லா விளக்கும் எரியும், சரவிளக்கு உட்பட.

இன்னொன்று, அரசியல்வாதியே சீரியல் எழுதிய கதையை யாரும் சொல்லவில்லையே. 2015 ஜூன் 3, கலைஞரின் 92ஆவது பிறந்தநாள், அன்று கலைஞர் டிவியில் அவர் எழுதிய ‘ராமானுஜர்’ ஆரம்பம். நாத்திகர் எழுதும் ஆழ்வார் கதையா என்று பேசாத ஆள் இல்லை. நான் அதை ராமானுஜருக்காகப் பார்க்கவில்லை, வசனத்துக்காகப் பார்த்தேன். கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் மந்திரத்தைச் சொல்கிறவர், ஒதுக்கப்பட்டவர்களைத் திருக்குலத்தார் என்று அழைத்தவர், இந்த ராமானுஜரைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். மத அரசியல் நாடெங்கும் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் கோயிலுக்குள்ளிருந்தே ஒரு ஆளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும் வேலை அது. கரை வேட்டி தெரிந்த ஒரே சீரியல் அதுதான் என்பேன்.

---

மாம்பலம்வாசி பதில்:

கேபிள் அண்ணன், திருக்குலத்தார் விஷயம் நல்ல குறிப்பு. ஒரு சின்னத் திருத்தம், ராமானுஜர் ஆழ்வார் இல்லை, ஆசாரியர். மயிலாப்பூர் ஆட்கள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

மத அரசியல் என்றதும் கேட்கத் தோன்றுகிறது. ‘ராமாயண்’ வந்து, அதனால்தான் ராமர் கோயில் இயக்கம் வளர்ந்தது என்று எல்லாரும் சொல்கிறார்களே. அது பிரதிபலிப்பா, இல்லை நாடகமே அரசியலை உண்டாக்கியதா? தமிழ்நாட்டிலும் எல்லாரும் பார்த்தார்கள்தானே?

---

பழைய ஆன்டெனா பதில்:

பார்த்தோம். அதுவும் எப்போது என்று கவனியுங்கள். 1986 நவம்பர், டிசம்பரில் இங்கே இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை எரித்ததற்காக அன்பழகன் உட்பட பத்து திமுக எம்எல்ஏக்களின் பதவி போனது. சரியாக அடுத்த மாதம், 1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை ‘ராமாயண்’. இந்தியில். தார் பூசிய போர்டு இன்னும் காயாத ஊரில் பெட்டிக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி உட்கார்ந்தார்கள், என் அத்தை உட்பட. வசனம் புரியாது, கதை தெரியும், அது போதும். அப்புறம் 1989 ஜனவரியில் அதே ஜனங்கள் திமுகவை ஆட்சிக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, சீரியல் பார்த்தால் ஓட்டு மாறும் என்பது இங்கே எடுபடவில்லை.

வடக்கிலும் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. 1988இல் அலகாபாத் இடைத்தேர்தலில் ராமராக நடித்த அருண் கோவில் என்ற நடிகர் பிரசாரத்துக்குப் போனார், யாருக்கு? காங்கிரஸுக்கு. ஜெயித்தவர் வி.பி.சிங். ராமரே நேரில் வந்து கேட்டும் போஃபர்ஸ் பீரங்கி ஊழல் பேச்சுதான் எடுபட்டது. பிறகு 1990இல் அத்வானி ரத யாத்திரை, 1991 தேர்தலில் சீதையாக நடித்த தீபிகா பரோடாவிலும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி சபர்காந்தாவிலும் பாஜக எம்பிக்கள். சீதையும் ராவணனும் ஒரே கட்சி, அதை எந்த ராமாயணத்திலும் பார்த்திருக்க முடியாது. அருண் கோவில் எம்பி ஆனது 2024இல், மீரட்டில், இதுவும் பாஜக. முதலில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய படமாகத்தான் அது கிடந்தது, ஒரு கட்சி தெருவில் இறங்கி வேலை செய்து எடுத்துக்கொண்டது என்பதுதான் என் வாசிப்பு. காங்கிரஸ் அரசாங்கத்தின் தூர்தர்ஷன் அடுப்பு மூட்டியது, சமைத்துச் சாப்பிட்டது வேறு ஆள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் வேறு. தொடர் 1988 ஜூலை கடைசியில் பட்டாபிஷேகத்தோடு முடிகிறது. உத்தர காண்டம் இல்லை என்று தெரிந்ததும் ஜலந்தரில் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வால்மீகி சமூகத்தார், லவனையும் குசனையும் வளர்த்த வால்மீகி திரையில் வரவேண்டும் என்பதுதான் கோரிக்கை. குப்பை மலையாகக் குவிந்தது, அரசு இறங்கி வந்தது, அந்த அக்டோபரில் லவ குசர் கதை தனித்தொடராக வந்தது. ஒரு டிவி நாடகத்தில் தங்கள் ஆள் இருக்க வேண்டும் என்று சாதியின் அடித்தட்டில் வைக்கப்பட்டவர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கேபிள் அண்ணன் சொன்ன காலனிக்காரர்களுக்கு எந்தச் சேனலில் போய் அப்படிக் கேட்பது? தூர்தர்ஷனிடமாவது நாடாளுமன்றம் வழியாகக் கேள்வி கேட்கலாம், தனியார் சேனலில் டிஆர்பி மட்டும்தான் கேள்வி கேட்கும்.

---

தேனிக்காரி பதில்:

சொத்து இருந்தால்தான் சொத்துச் சண்டை என்று கேபிள் அண்ணன் போட்ட போடு சரியான போடு. அதற்குப் பதில் என்னிடம் இல்லை, ஆனால் அதையே இன்னொரு பக்கமாகக் கேட்கிறேன்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. எங்கள் பக்கம் அதனால் மாறியது கொஞ்சநஞ்சமில்லை. மாமியாரிடம் பத்து ரூபாய் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அம்மா வீட்டுக்குப் போகிறார்கள், இரண்டு ஊர் தள்ளி வேலைக்குப் போகிறார்கள். 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் நேராக அவர்கள் கணக்குக்கே வருகிறது, இரண்டும் பெண்கள் கைக்காசு சம்பந்தப்பட்டவை. இப்போது ஓடும் எல்லாச் சீரியலிலும் மருமகள் கொடுமைதான் கதை. வீட்டை விட்டு வெளியேறும் மருமகள் எதில் போகிறாள்? ஆட்டோ, கால் டாக்ஸி, இல்லை ராத்திரி நேரத்தில் மழையில் நடந்து போகிறாள். பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே இருக்கும், ஏற மாட்டாள். ஒரு கண்டக்டர் அந்தப் பூஜ்ஜிய டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கும் காட்சியை நான் பார்த்த சீரியல் எதிலும் காணோம். கரை வேட்டிக்குச் சொன்ன வியாபாரக் காரணம் இதற்கும் பொருந்துமா அண்ணே?

---

கேபிள் அண்ணன் பதில்:

பாதி பொருந்தும். அதைக் காட்டினால் ஆளுங்கட்சி விளம்பரம் என்பார்கள். மீதிப் பாதி, பஸ்ஸில் ஷூட்டிங் எடுக்க அனுமதி வாங்கி, ஒரு நாள் வாடகை கட்டி, ஐம்பது துணை நடிகர்களை ஏற்றிக் காட்சி எடுக்கிற காசில் ஹாலிலேயே நாலு எபிசோட் எடுத்துவிடுவார்கள். மழைக்குத் தண்ணி லாரி ஒன்று போதும்.

---

சும்மா வந்தேன் பதில்:

பஸ் காட்சி ஏதாவது ஒரு சீரியலில் இருந்தால் சேனல், எபிசோட் நம்பரோடு இங்கே போடுங்கள். அம்மா தேடச் சொல்கிறார், மாமா பேச்சிலிருந்து தப்பிக்க எனக்கும் ஒரு வேலை வேண்டும்.